ஒரே நட்சத்திரத்தை ஜோடி சேர்த்த கதை

இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி நெருங்கி, கடைசியில் மோதிக்கொள்வதைக் கணக்குப் போடுவதுதான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பினாங்கில் என் பிழைப்பு. கம்ப்யூட்டர் முன்னால் தலைமுடியைப் பிய்த்துக்கொண்ட அன்பர்களே, உங்களுக்கு இது புரியும்.

நான் அஸ்தம்

மார்க்கெட் ஸ்திரீட் ஜவுளிக்கடை அண்ணன், என்ன படிக்கிறாய் என்று கேட்டார். நட்சத்திர ஆராய்ச்சி என்றேன். உடனே, தான் அஸ்தம் என்றார். ஈர்ப்பு விசைக்குப் பாடப்புத்தகத்தில் உள்ள கொள்கை சரியா, அதற்குப் போட்டியாக வந்தவை சரியா என்று நட்சத்திர ஜோடிகளை வைத்துச் சோதிக்கிறோம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி தங்கச்சி, அஸ்தத்துக்கு இந்த வருசம் எப்படி?"

முட்டை

போட்டிக் கொள்கை சரியென்றால் ஜோடி இன்னும் சற்று வேகமாக நெருங்க வேண்டும். அந்தச் 'சற்று' எவ்வளவு என்பதே என் ஆய்வு. பள்ளிக்கூட வேலையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்து வந்தவள் நான். விடுப்பு முடிய மூன்று மாதம்தான் இருந்தது. கம்ப்யூட்டரோ ஒவ்வொரு முறையும் முட்டை போட்டது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. என் ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர் சேவியர் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"பூஜ்யமும் நம்பர்தான்லா. ஆனா அதுக்கு டிகிரி குடுக்க மாட்டாங்க."

பொருத்தம்

எங்கள் துறை அலுவலக கிளார்க் பரமேஸ்வரி அக்கா அப்போது மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். அவர் மேசையில் ஃபைலைவிட ஜாதகம் அதிகம். என் முகத்தைப் பார்த்து என்ன விஷயம் என்றார். கணக்கு சுலபமாக இருக்கட்டும் என்று எடை, அளவு, வகை எல்லாம் ஒன்றாகவே இரண்டு நட்சத்திரங்களை வைத்திருப்பதைச் சொன்னேன்.

"ஒரே நட்சத்திரத்தையா சேர்த்த? எங்க புரோக்கரே அதைத் தொடமாட்டாரு. வேற பாருலா."

வேறு வரன்

சிரித்துக்கொண்டே படியேறியவள் பாதியில் நின்றுவிட்டேன். நான் தேடிய வேகம் இரண்டு நட்சத்திரங்களுக்கும் உள்ள வித்தியாசத்தால் வருவது. இரட்டைப் பிள்ளைகளை நிறுத்தி வித்தியாசம் தேடியிருக்கிறேன், மடச்சி. ஒன்றை எடுத்துவிட்டு, வெள்ளைக் குள்ளன் எனப்படும் வேறு வகை நட்சத்திரத்தைப் போட்டேன். எண் வந்தது. சின்னதுதான், ஆனால் பூஜ்யமில்லை. பேராசிரியர் ஆய்வேட்டை எழுத ஆரம்பிக்கச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காவிடம் ஓடிப்போய், ஜோடி அமைந்தது, கடைசியில் மோதத்தான் போகிறது என்றேன்.

"அது எல்லா வீட்டுலயும் உள்ளதுதான். மொதல்ல அமையணும்ல."

பட்டம் கிடைத்துவிட்டது, ஆய்வேட்டின் நன்றியுரையில் அக்கா பெயருக்கு எதிரே 'இவர் செய்த உதவி என்ன?' என்று தேர்வாளர் எழுதிய கேள்விக்குத்தான் இன்னும் விடை எழுதவில்லை.