பாம்புக் காதுக்காரரின் நான்காவது பெட்டி

என் வீட்டுக்காரருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற எல்லாருக்கும் அவர் ‘பாம்புக் காது’. அச்சகத்தில் வைத்த பெயர். ஆள் உயர இயந்திரம் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். இவர் அந்தக் கோடியில் நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார். திடீரென்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய் அதை நிறுத்துவார். திறந்து பார்த்தால் உள்ளே தாள் அப்போதுதான் மடங்கத் தொடங்கியிருக்கும். அந்த இரைச்சலில் அது எப்படி இவருக்குக் கேட்டது என்று யாருக்கும் புரியாது. மற்றவர்கள் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். இவர் மட்டும் அடைக்கவில்லை. “பஞ்சை வச்சுக்கிட்டா மெஷின் பேசுறது எனக்கு எப்படிக் கேக்கும்?” என்பார். மெஷினும் சளைக்காமல் கால் நூற்றாண்டு அவர் காதுக்குள்ளேயே பேசித் தீர்த்தது.

கல்யாணமாகி வந்தபோது முன்னறையில் பீரோ மாதிரி இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் நின்றன. அவர் கையால் பலகை அறுத்துச் செய்தவை. இரண்டுக்கும் சரிசமமான தூரத்தில் ஒரே ஒரு நாற்காலி. “வர்றவங்க எங்க உக்காருவாங்க?” என்று கேட்டேன். “வர்றவங்க பேசத்தானே வர்றாங்க? நின்னுக்கிட்டே பேசட்டும்” என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அன்றிலிருந்து அந்த அறையில் எனக்கென்று ஒரு முக்காலிகூடப் போட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய பாட்டுக் கூட்டாளிகள் வருவார்கள். காய்ச்சல்காரப் பிள்ளையை டாக்டரிடம் தூக்கி வருவதுபோல ஆளுக்கொரு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இவர் கண்ணை மூடிக் கேட்பார். “இடது பக்கம் கொஞ்சம் கரகரப்பு. வயரை மாத்துங்க.” அவ்வளவுதான், அவர்களுக்கு அது வேதவாக்கு. நான் உள்ளிருந்து கேலி செய்துகொண்டே காபி போடுவேன். ஆனால் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. இதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் இன்னும் இரண்டு பெட்டி வாங்குவார்.

கொஞ்ச காலமாகவே அவருக்கு ஒரு குறை. பாட்டு முன்போல இல்லையாம். “துணி போட்டு மூடின மாதிரி இருக்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதலில் வயர்மேல் பழி. பிறகு ஜன்னல் திரைமேல். அதன்பின் பின்னறையில் நான் நடத்தும் தையல் வகுப்பின்மேல். என் மெஷின்கள் கரண்ட்டைக் கெடுக்கின்றனவாம். எல்லாவற்றையும் விட்டபின் கடைசியில் வந்து நின்ற இடம்தான் டிஏசி.

எனக்கு அவர் விளக்கியது இவ்வளவு. இப்போது பாட்டெல்லாம் கணினிக்குள் வெறும் எண்களாகக் கிடக்கிறதாம். அந்த எண்களைத் திரும்ப மின்அலையாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்க ஒரு பெட்டி வேண்டும், அதுதான் டிஏசி. மாற்றுகிற பெட்டி மட்டமாக இருந்தால் பாட்டின் மேல்சுரங்கள் மழுங்கிப் போகும். ஜால்ரா, சலங்கை, வயலினின் இழை எல்லாம் போய்விடும். “எனக்கு இப்ப அதெல்லாம் கேக்கவே மாட்டேங்குது. பெட்டிதான் முழுங்குது” என்றார்.

முதல் பெட்டி வந்தது. சோப்பு டப்பா அளவு. போட்ட அன்று “ஆஹா, திறந்துக்கிச்சு!” என்று துள்ளினார். சில வாரத்தில் முகம் தொங்கிவிட்டது. இரண்டாவது வந்தது. மறுபடி ஆஹா, மறுபடி தொங்கிய முகம். மூன்றாவது, டிபன் கேரியர் கனத்தில் ஒன்று. அதுவும் அப்படியே. ஒவ்வொரு முறையும் பழைய பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

இதற்கு நடுவில்தான் எங்கள் வீட்டில் அப்பாவும் மகளும் பேசாமல் போனார்கள். அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

எங்களுக்கு ஒரே பெண். என் தொண்டை அடுத்த தெருவுக்குக் கேட்கும். தையல் மெஷின்களுக்கு மேல் கத்திக் கத்திப் பழகியது. அவளுக்கு நேர்மாறான குரல். மெல்லியது, கீச்சென்று இருக்கும், பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிடும். அவர் சிபாரிசில் அச்சகத்துக் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். பிறகு அதை விட்டுவிட்டு மேலே படிக்கப் போனாள். விட்ட செய்தி முதலாளி வாய்வழியாகத்தான் இவருக்குத் தெரிந்தது. அந்த ஞாயிறு கூட்டாளிகள் எல்லாரும் இருக்கும்போதே குதித்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?”

“சொன்னேன்பா. நீங்க தலையாட்டினீங்க.”

“பொய் வேற சொல்றியா?”

பொய் என்றதும் அவளுக்குத் தாங்கவில்லை. “ஊர்ல இருக்கிற பெட்டி பேசுறதெல்லாம் உங்களுக்குக் கேக்கும். பெத்த பொண்ணு பேசுறது மட்டும் கேக்காது” என்று வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கத்தினாள். கூட்டாளிகள் தரையைப் பார்த்தார்கள். இவர் முகம் செத்துப்போனது. “வெளிய போ” என்றார். அறையைவிட்டு என்றுதான் சொன்னார். அவளுக்கு வீட்டைவிட்டு என்று பட்டது.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, நடுவில் நான். “உங்கப்பாகிட்ட சாவி எங்கன்னு கேளு” என்பாள். “அவளை விளக்கை அணைக்கச் சொல்லு” என்பார். இவரிடம் போய், “சின்னப் பொண்ணுதானே, நீங்க இறங்கி வாங்களேன்” என்றால், “அவதான் என்கிட்ட பேசுறதில்ல” என்பார். அவளிடம் போய், “ஒரு தடவை மன்னிப்புக் கேட்டா குறைஞ்சா போயிடுவ?” என்றால் உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்துபோய்விடுவாள். இரண்டும் ஒரே அழுத்தம். எனக்கு இருவர்மேலும் ஆத்திரமாக வரும்.

படிப்பு முடிந்து தூர தேசத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. நாளைக் காலை கிளம்ப வேண்டும் என்ற நிலையில், அந்த ஞாயிறு மதியம் பார்த்துத்தான் இந்த மனுஷர் ஆடியோ கடைக்காரரை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். நான்காவது பெட்டியைத் தேர்ந்தெடுக்க!

“பொண்ணு நாளைக்குப் போறா. இன்னைக்குத்தான் இது வேணுமா?”

“அவ போறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார். நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். துக்கத்துக்கு ஒரு வேலை வேண்டுமே, அதுதான் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தாலும் கோபம் போகவில்லை.

கடைக்காரர் நல்ல மனிதர். இவரை அண்ணே என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுவார். இரண்டு பெட்டிகள் கொண்டுவந்திருந்தார். இவரை நாற்காலியில் உட்காரவைத்து, எது ஓடுகிறது என்று தெரியாமல் பின்னால் நின்று மாற்றி மாற்றிப் போட்டார்.

“ரெண்டாவதுதான்! என்னா தெளிவு!” என்றார் இவர்.

“இருங்கண்ணே. ரெண்டாவது கொஞ்சம் சத்தமா ஓடுது. சத்தம் ஒரு பொட்டு அதிகமா இருந்தாலே எல்லாருக்கும் நல்லா இருக்கிற மாதிரிதான் தோணும். சமமாக்கிட்டுக் கேளுங்க.”

சத்தத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை எடுத்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். எனக்குச் சட்டென்று உறைத்தது. முதல் பெட்டி, இரண்டாவது, மூன்றாவது, அத்தனை ஆஹாவும் இந்தக் கூடுதல் சத்தத்துக்குத்தான் போல.

மறுபடி போட்டார். இவர் புருவத்தைச் சுருக்கினார். “முதல்ல போட்டது… இல்ல, இப்ப போட்டது. இப்ப போட்டதுதான் மேல்சுரம் நல்லா எடுக்குது.”

கடைக்காரர் தயங்கினார். “அண்ணே, நான் இன்னும் மாத்தவே இல்ல. ரெண்டு தடவையும் ஒரே பெட்டிதான்.”

இவர் சிரித்தார். நெற்றியில் வேர்த்திருந்தது. “சரி, அந்த இன்னொண்ணைப் போடு.”

அந்த இன்னொன்றைப் போட்டார். பாட்டு தொடங்குவதற்கு முன்பே ஸ்பீக்கரிலிருந்து, அதுவரை இல்லாத, ஊசி மாதிரி ஒரு கீச்சொலி கிளம்பியது. கொசு காதுக்குள் நுழைந்தால் வருமே, அப்படி. பாட்டு தொடங்கியும் அது நிற்கவில்லை. எனக்குப் பல் கூசியது. கடைக்காரர் முகத்தைச் சுளித்து வயரைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே பயணப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அறை வாசலுக்கு வந்துவிட்டாள்.

நாற்காலியில் இவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, முகமெல்லாம் மலர்ச்சியாக உட்கார்ந்திருந்தார்.

“இதுதான்! பாத்தீங்களா? பின்னால ஒரு பொட்டு இரைச்சல் இல்ல. சுத்தமா இருக்கு” என்றார்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைக்காரர் மெல்லக் கையை நீட்டிப் பெட்டியை அணைத்தார். “இது… கோளாறான பெட்டி மாதிரி இருக்குண்ணே. வேற கொண்டுவர்றேன்” என்றார். இவர் கண்ணைத் திறந்தார். மகள் காதிலிருந்து கையை எடுப்பதைப் பார்த்தார். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமலேயே செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

சமையலறையில் மகள் என் முந்தானையைப் பிடித்தாள்.

“அம்மா, அப்பாவுக்கு அது கேக்கலையா?”

“கேக்கல போலத்தான் இருக்கு.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அப்போ நான் வேலையை விடப்போறேன்னு சொன்னதும் கேக்கலையா? சும்மா தலையாட்டினாரா? அம்மா… மன்னிப்புக் கேட்டேனே, அதுவுமா?”

“நீ எப்ப மன்னிப்புக் கேட்ட?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சண்டை நடந்து கொஞ்ச நாள் கழித்துக் கேட்டாளாம். நான் வகுப்பில் இருந்த நேரம். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பாட்டு ஓடவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல் பின்னால் நின்று சொல்லியிருக்கிறாள். அவர் திரும்பவே இல்லை. இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாளாம். நான் ஒரு வருஷமாக அவளைக் குத்திக்காட்டியபோதெல்லாம் உதட்டைக் கடித்தது இதற்காகத்தான். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன்.

“ஏங்க, உங்களுக்குக் காது சரியா கேக்கல. டாக்டர்கிட்ட காட்டணும்” என்று நேராகவே சொன்னேன்.

“யாருக்கு? எனக்கா?” என்று சிரித்தார். “அந்தப் பெட்டி கத்தினது எனக்குத் தெரியாதா? நான் பாட்டைக் கவனிச்சேன்.”

“அப்போ பொண்ணு ஒரு நாள் உங்க பின்னால வந்து நின்னு பேசினாளே, அது?”

அவர் சிரிப்பு நின்றது. “அதுவும் கேட்டுச்சு.”

“கேட்டுமா திரும்பல?”

“கேட்டதாலதான் திரும்பல.”

கல்நெஞ்சுக்காரன் என்று பெயர் எடுத்தாலும் எடுப்பார், செவிடன் என்று மட்டும் எடுக்க மாட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஸ்பீக்கரைத் தள்ளி உடைத்திருப்பேன். அதற்குள் மகள் என்னை விலக்கிக்கொண்டு போய் அவர் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் அன்னைக்கு என்ன சொன்னேன்? சொல்லுங்க.”

அவர் அலமாரிக் கண்ணாடியைக் காட்டினார். “அதுல நீ தெரிஞ்ச. வந்து நின்ன. வாய் அசைஞ்சுது. அழுத. போயிட்ட.”

“என்ன சொன்னேன்பா?”

“எனக்கு அப்பாவே வேண்டாம்னு சொன்ன” என்றார். “நீ அப்படிச் சொன்னதுல தப்பில்லம்மா. அத்தனை பேர் முன்னால உன்னை வெளிய போன்னு சொன்னவன்தானே நான்.”

கேட்காத பேச்சுக்கு இவராகவே வார்த்தை போட்டுக்கொண்டு, அதோடு ஒரு வருஷம் தின்று, தூங்கி, வேலைக்குப் போய் வந்திருக்கிறார்.

“மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன்பா” என்றாள் மகள், தன் சாதாரணக் குரலில்.

அவர் குனிந்தபடியே தலையாட்டினார். “சரிம்மா, சரி” என்றார். கேட்காதவர்கள் ஆட்டுகிற ஆட்டல் அது. அவளும் இப்போது அதைக் கண்டுகொண்டாள்.

கத்தினாள். “மன்னிச்சிடுங்கன்னு சொன்னேன்! மன்னிப்புக் கேட்டேன்பா உங்ககிட்ட!” பழக்கமில்லாத தொண்டை. மன்னிப்பு திட்டுவதுபோல வந்து விழுந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவளுக்கே தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலில் அவர் அடிவாங்கியவர்போலப் பின்வாங்கினார். பிறகு வார்த்தை உள்ளே போய்ச் சேர்ந்தது. சேர்ந்ததை முகத்தில் பார்த்தேன். நாற்காலியிலிருந்து நழுவி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“இதையா சொன்ன?” என்றார். “இதையாம்மா சொன்ன?”