சாமி, வழி உடு

சேர்வராயன் மலையேறி வந்து கும்பிடற அத்தனை சனத்துக்கும் என் கும்பிடுங்க. எம்பேரு மல்லிகா. ஏற்காட்டுல எஸ்டேட்டுல காப்பிப் பழம் பறிக்கறவ. நாலு பேரு முன்னால பேசிப் பழக்கமில்லீங்க. ஆனா இத உள்ளயே வச்சிருந்தா நெஞ்சு வெடிச்சிரும்.

போன ஆடியில எங்க ஊட்டுக்காரரு கழுத்துல ஒரு கட்டி. நெல்லிக்காயாட்ட இருந்துச்சு. பல்லு வலியில வீங்கியிருக்கும்னு நெனச்சேன். சேலத்து ஆஸ்பத்திரியில சதையெடுத்துப் பாத்துட்டு புத்துநோய்னு சொல்லிட்டாங்க. திரும்பி பஸ்ஸுல மலையேறறப்ப ஒவ்வொரு வளைவுலயும் அவரு தோளு எம்மேல சாஞ்சு சாஞ்சு போச்சு.

மருந்து ஏத்த ஆரம்பிச்சாங்க. "இந்த மருந்து முன்னெல்லாம் கெடையாதும்மா. யாரோ ஆராய்ச்சி பண்ணித்தான் இவருக்குக் கெடச்சிருக்கு"ன்னாங்க டாக்டரம்மா. அங்கயே செவுத்துல ஒரு நோட்டீசு. புத்துநோய் ஆராய்ச்சிக்கு நிதி சேக்க மாசியில சேலத்துல மாரத்தான். பாதி தூரம் ஓடறதுன்னாலே இருபத்தோரு கிலோமீட்டராம். முகம் தெரியாத யாரோ நமக்காகப் பாடுபட்டாங்க, நாமளும் யாருக்காச்சும் செய்யோணுமில்லீங்க? அந்தப் பாதித் தூரத்துக்குப் பேரக் குடுத்துட்டேன்.

"பஸ்ஸுக்கே ஓடமாட்ட நீ!"ன்னு அவரு சிரிச்சாரு. நோவு வந்ததுக்கப்பறம் அவரு சிரிச்சது அதான் மொதல் தடவ.

காலையில எஸ்டேட் ரைட்டர் வேலைக்குப் பேர் கூப்பிடறதுக்கு முன்னால ஓடுவேன். ஹாஸ்டல்ல படிக்கற மவளோட பழைய சுடிதாரு. அவரோட கேன்வாஸ் ஷூவு, முன்னால துணி அடச்சு. ஒண்டிக்கடை முக்கு போறதுக்குள்ளயே நாக்குத் தள்ளிரும். டீக்கடையில நிக்கறவங்க, "ஏனுங்கக்கா, காட்டெருமை தொரத்துதுங்களா?"ம்பாங்க. "ஆமாங்க, நீங்களும் வாங்க, சேந்து ஓடலாம்"பேன். ஓட ஓட, "சேர்வராயா, அவரக் காப்பாத்து"ன்னு சொல்லிக்கிட்டே போவேன். வேற மந்திரம் எனக்குத் தெரியாதுங்க.

கார்த்திகையில ஒரு ஞாயித்துக்கெழம. அன்னிக்குக் கரடியூர் வரைக்கும் ஓடித் திரும்பறதா நெனப்பு. போறப்ப அவரு நெத்தியத் தொட்டுப் பாத்தேன், சில்லுன்னு இருந்துச்சு. அந்தப் பக்கம் டவர் கெடைக்காதுன்னு செல்ல ஊட்லயே வச்சுட்டேன்.

நொம்பப் பனி. ஒரு வளைவு திரும்பறேன், நடு ரோட்டுல நிக்குது காட்டெருமை. நெசமான காட்டெருமைங்க! கொம்புல தண்ணி சொட்டுது. மூச்சு பொகையா வருது. எங்கூருப் பக்கம் பச்சக் கொழந்தையையும் சாமிம்போம், கும்பிடற தெய்வத்தையும் சாமிம்போம். பயத்துல எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் வந்துச்சு.

"போ சாமி... வழி உடு சாமி."

அசையல. கண்ண மூடி, "சேர்வராயா, இத நகத்து"ன்னு வேண்டினேன். கண்ணத் தெறந்தா, ஒரு அடி முன்னால வந்து நிக்குது!

மெல்லப் பின்னாலயே நகந்து, வந்த வழியே திரும்பிட்டேன். அழுகையா வந்துச்சு. கோவம் அதுக்கு மேல. வழியெல்லாம் சாமியத் திட்டினேங்க. "ஒரு மாட்ட நகத்த முடியல, எம்புருசன் நோவ நீ எங்க நகத்தப் போற?"ன்னு வாய் கூசாமக் கேட்டேன்.

ஊட்டுக் கதவத் தெறந்தா, ரெண்டு கம்பளியப் போத்திக்கிட்டு அவரு கட்டிலே ஆடற மாதிரி நடுங்கறாரு. ஒடம்பு அனலாக் கொதிக்குது. மருந்து ஏத்தற காலத்துல காச்சல் கண்டா கொஞ்ச நேரங்கூட ஊட்ல வச்சிருக்காதீங்கன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சு சொல்லியிருந்தாங்க.

"ஏனுங்க, பக்கத்து ஊட்லயாச்சும் சொல்லக் கூடாதுங்களா?"

"நீ ஓடிட்டு வந்துருவேன்னு பாத்தேன்"ங்கறாரு.

எஸ்டேட் ஜீப்புல ஏத்தினோம். அடிவாரம் எறங்கறதுக்குள்ள அவருக்குப் பேச்சு கொழறிருச்சு. எந்த வாயால திட்டினேனோ அதே வாயால, "சேர்வராயா, சேர்வராயா"ன்னு கத்திக்கிட்டே போனேன்.

சாயங்காலம் டாக்டரம்மா வெளிய வந்தாங்க. "கிருமி ரத்தத்துல ஏறிருச்சும்மா. இனி பயமில்ல, பொழச்சுக்குவாரு. ஆனா இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சு வந்திருந்தீங்கன்னா எங்க கையில ஒண்ணுமே இருந்திருக்காது"ன்னாங்க.

எனக்கு மேலெல்லாம் சிலுத்துப் போச்சுங்க. அந்த மாடு ஒதுங்கியிருந்தா, அவரு நடுங்கறப்ப நான் கரடியூர்ல நின்னிருப்பேன். சாமி வழி உடலைன்னு திட்டினனே, வழிய மறிச்சு நின்னதே சாமிதானுங்களே! ஆஸ்பத்திரி வராண்டான்னு பாக்கல. தரையில உழுந்து கும்பிட்டேன்.

"அந்த மாடு தெனமும் அங்கதானுங்கக்கா மேயுது"ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. சொல்லிட்டுப் போறாங்க. மருந்தக் குடுத்தது டாக்டரம்மாதான், நான் இல்லேங்கல. அந்த ஒரு மணி நேரத்த யாரு குடுத்தது?

இப்ப அவருக்கு மருந்தெல்லாம் முடிஞ்சுது. கட்டியிருந்த எடமே தெரியல. நான் இன்னும் ஓடறேன். அந்த வளைவு வந்தா மட்டும் நின்னு, ஷூவக் கழட்டிட்டு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் தாண்டுவேன். வேண்டினது நடக்கலையேன்னு மனசு வெறுத்து நிக்கறவங்களுக்குத்தான் இதச் சொல்றேன். கோவமா இருக்குதா? கோவமாவே திரும்பிப் போங்க, சாமி ஒண்ணும் நெனச்சுக்காது. ஊடு போயிப் பாருங்க.

மாசி ஓட்டத்தச் சொல்லாம உட்டுட்டனே. கடைசியா வந்தவங்கள்ல நானும் ஒருத்தி. முடியற எடத்துக்குக் கொஞ்சம் முன்னால காலு ரெண்டும் மரத்துப் போச்சு. எதுக்க ஒரே கூட்டம். அதுக்குள்ள மொட்டத் தலையில துண்டக் கட்டிக்கிட்டு எங்க ஊட்டுக்காரரு நிக்கறாரு. கண்ணாலம் ஆன நாள்ல இருந்து என்னைய "ஏய்"னுதான் கூப்பிடுவாரு. அன்னிக்குக் கையத் தூக்கிக் கத்தறாரு, "வா சாமி! வா!"

கூட்டமெல்லாம் ஒதுங்கி எனக்கு வழி உட்டுச்சுங்க.