உள் அறையில் முத்துத்தாய்

எமர்ஜென்சி முடிந்து ஒரு வருஷம் இருக்கும். வில்லாபுரத்து வீட்டுக்கு அன்றைக்கு ரெங்கம்மாளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வாசல் தெளித்தாயிற்று, கேசரி கிளறியாயிற்று. பாக்கி ஒரே வேலைதான். அன்னக்கொடியின் ஆறு வயது மகள் முத்துத்தாயை ஒளித்து வைக்க வேண்டும்.

பிள்ளைக்கு ஒரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. அதோடு நடையும் போச்சு, பேச்சும் போச்சு, வலிப்புதான் மிச்சம். கஞ்சியை வடிகட்டி, தலையைத் தாங்கிப் பிடித்து ஊட்டினால்தான் புரையேறாமல் இறங்கும். ஊட்டி முடிப்பதற்குள் அன்னக்கொடிக்கு இடுப்பு விட்டுப்போகும். கைமாற்றிக்கொள்ள அந்த வீட்டில் இருந்த ஒரே ஆள் நாத்தனார் ரெங்கம்மாள்தான். அந்தப் பெண்ணுக்கோ, 'வலிப்புள்ள குடும்பம்' என்று ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது.

"பிள்ளைய உள்ள போட்டுப் பூட்டு. மருமக எங்கன்னு கேப்பாக, நீதேன் காப்பி கொண்டாரணும்" என்றாள் மாமியார் மாயக்காள். பூட்டியதும் சாவிக்கொத்தைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டாள். ரெங்கம்மாளுக்காக இம்புட்டு நேரம் பொறுக்க மாட்டோமா என்று அன்னக்கொடி மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஆரப்பாளையத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. நாள் குறிப்பது வரைக்கும் பேச்சு வந்தது. அந்த நேரம் பார்த்து உள் அறையில் டொக், டொக் என்று சத்தம் கேட்டது.

"பூனைதேன்" என்றாள் மாயக்காள்.

அன்னக்கொடிக்குத் தெரியும். பூனையாவது ஒன்றாவது! பிள்ளையின் குதிகால் தரையில் அடிக்கிற சத்தம் அது. மல்லாந்து கிடந்தால் நுரை மூச்சை அடைத்துவிடும்.

"அத்தை, சாவி" என்றாள் மெதுவாக.

மாயக்காள் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முறைத்தாள். சத்தம் வேகமாகி, சட்டென்று நின்றது. அன்னக்கொடி காப்பித் தட்டைத் தரையில் வைத்தாள். அத்தனை பேர் முன்னாலும் மாமியார் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயை வழித்துவிட்டு, உள்ளங்கையில் இரும்புச் சாவியைத் திணித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கரகரவென்று மூச்சு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் மாப்பிள்ளையின் அம்மா வாசற்படியில் நின்றாள். பிள்ளை கையில் சாவியைப் பார்த்தபின் என்ன நோய் என்று கேட்கத் தேவையில்லை.

"இது யாரு வழியில வந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

"எங்க பொறந்த வீட்டு வழிங்க. இவுக ரத்தத்துல ஒண்ணுமில்ல" என்றாள் அன்னக்கொடி.

பச்சைப் பொய். காய்ச்சல் எந்த வீட்டு வழி பார்த்து வருகிறது? ஆனால் பொய் பலித்தது. அந்த அம்மாளின் முகம் தெளிந்தது. "ஆமா, ஆமா" என்று மாயக்காள் ஒத்து ஊதினாள்.

ரெங்கம்மாள் பட்டுச்சேலையோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையின் தலையை மடியில் எடுத்துவைத்து, எச்சிலை முந்தானையால் துடைத்தாள்.

"மதினி பொய் சொல்லுது. காய்ச்சல்ல வந்ததுதேன் இது. இவ எங்க அண்ணே மக. எங்க வீட்டுப் பிள்ளை."

காய்ச்சல் என்றதை வந்தவர்கள் நம்பவில்லை. காப்பியைக்கூடத் தொடாமல் கிளம்பினார்கள். மாயக்காள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாவி மகளே, இப்படிக் கெடுத்துக்கிட்டியே!" என்று அன்னக்கொடி நாத்தனாரின் தோளில் அடித்தாள். அடித்த கையாலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். முத்துத்தாயை 'எங்க வீட்டுப் பிள்ளை' என்று ஒருத்தர் சொல்லி, அந்த வீட்டில் அன்னக்கொடி கேட்டது அதுதான் முதல் தடவை.