மூடுபனியில் அக்காவின் போட்டோ

தோழிகளே, இன்று பாதிப் போட்டோ நான் எடுத்தது என்றே சொல்லுவேன்!

அக்காவின் முந்தைய படத்தை உச்சி வெயிலில் எடுத்தார்கள். கண் கூசி, இரண்டையும் இடுக்கிக்கொண்டு நின்றாள். ராகலை ஊர் மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்குக் கண்ணு தெரியுங்களா?" என்று கேட்டனுப்பினார்கள். அக்கா அன்று சோற்றைத் தொடவில்லை.

இன்று அட்டனிலிருந்து ஸ்டூடியோக்காரர் மறுபடி வந்தார். அம்மா அக்காவுக்குப் பவுடரை அப்பி, மறுபடியும் வெயிலில் நிறுத்தினாள்.

"வெயில்லதான்டி நெறம் எடுத்துக் காட்டும்."

அந்த நேரம் பார்த்து மூடுபனி இறங்கியது. அவர் கேமராவை மடக்கத் தொடங்கினார்.

"மடக்காதீங்க! வெளிச்சம் மிருதுவா இருந்தாத்தான் மொகம் நல்லா விழும்னு புஸ்தகத்துல படிச்சேன்."

"புஸ்தகம் எழுதுனவரு நம்ம பனியப் பாத்திருக்காரா பாப்பா?"

நான் விடவில்லை. பவுடரைத் துடைத்து, அக்காவை எங்கள் லயத்து வீட்டு வரிசையில், முன்திண்ணையான இஸ்தோப்பின் ஓரத்தில், வெளிச்சம் ஒரு பக்கமாக விழும்படி உட்கார வைத்தேன். இருண்ட கன்னத்திலும் வெளிச்சம் பட்டுத் திரும்பி விழ, அதற்கு எதிரே அம்மாவும் சித்தியும் அப்பாவின் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தார்கள்.

"லயமே சிரிக்குது," என்று சித்தி முனகினாள்.

ஸ்டூடியோக்காரர் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். பிறகு, "நீயே வந்து பாரு பாப்பா," என்றார்.

கேமராவின் கண்ணாடியில் அக்கா தலைகீழாக இருந்தாள். ஆனால் அந்தக் கண்கள்! அகலத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வெளிச்சப் பொட்டு!

படம் எடுத்து முடிந்ததும் அக்கா எழுந்தாள்.

"அம்மா, மொதல்ல மாப்பிள்ளை போட்டோவக் கேட்டு வாங்கு. நானும் பாத்துட்டு ஏதாவது கேட்டனுப்பணும்."

அம்மா வேட்டியைப் படக்கென்று உதறி மடித்தாள்.

என்ன கேட்டனுப்பலாம்? நாளை பள்ளிக்கு வரும்போது ஆளுக்கொரு கேள்வி யோசித்து வாருங்கள்.