கிணற்றடியில் ஒரு பொத்தான்

சேக்காட்டில் எங்கள் தெருக் கிணற்று மோட்டாரின் சுவிட்ச் என் வீட்டுக்குள் இருந்தது. தண்ணீர் வேண்டியவர்கள் கதவைத் தட்டுவார்கள். நான் எழுந்து போட வேண்டும். தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் தூக்கமே இல்லை. எரிச்சலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியிலேயே பொத்தான் வைத்தேன். அழுத்தினால் ஒரு குடம் நிறையும்வரை மோட்டார் ஓடி, தானாக நின்றுவிடும். எல்லோருக்கும் செய்து காட்டிவிட்டுப் படுத்தேன்.

பத்து நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டுப் பெண் நின்றிருந்தாள்.

“நீ வந்து அமுக்கு அண்ணாத்தே.”

“ஏன், உனக்குக் கையில்லையா?”

“கை ஈரமா கீது. ஈரக் கையோட சுவிட்ச தொட்டா செத்துப்பூடுவீங்கன்னு அஞ்சு வருசமா நீதான கத்திகினு கீற?”

வரிசையில் எட்டுக் குடங்கள் இருந்தன. எட்டுக்கும் நானே அழுத்தினேன்.