எக்லி மீனுக்கு ஒரே அடி

இந்த நாட்டில் மீனுக்குத் தலை கிடையாது. சிரிக்காதீர்கள், துன் நகரத்துக் கடைகளில் வந்து பாருங்கள். கண்ணில்லை, தோலில்லை, முள்ளில்லை. பிளாஸ்டிக் தட்டில் வெள்ளைத் துண்டொன்று விறைத்துக் கிடக்கும். மீன் தலைக்குச் சண்டை பிடித்து வளர்ந்த நாங்கள் அதைக் குழம்பில் போட்டால், அது கரைந்து காணாமல் போய்விடும். "இது மீனோ, சவர்க்காரமோ?" என்று கேட்டான் பாலன். பாலன் என் ஊர்க்காரன், என்னோடு படித்தவன். ஏரிக்கரை ஹொட்டேல் ஒன்றின் சமையலறையில் நான் சட்டி கழுவினேன், அவன் மரக்கறி வெட்டினான். எங்கள் இருவருடைய அகதி விண்ணப்பங்களும் தலைநகர் பேர்னில் ஏதோ ஒரு மேசையில் முடிவில்லாமல் கிடந்தன. எண்பதுகளின் நடுப்பகுதி அது. ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "துடிக்கத் துடிக்க ஒரு மீன் தின்ன வேணும்போல கிடக்கடாப்பா" என்றான். அவன் என்னிடம் எதையுமே கேட்காதவன். அன்றே முடிவெடுத்தேன், நானே பிடித்துக் கொடுப்பதென்று.

அதற்கொரு காரணம் இருந்தது. பாலனுக்கு இடது காது கேட்காது. ஏன் கேட்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மூன்று வருடமாக அதைப் பற்றி இருவருமே வாய் திறந்ததில்லை. நடக்கும்போதும் சரி, சாப்பிடும்போதும் சரி, நான் அவனுடைய வலப்பக்கத்திலேயே இருப்பேன். அவன் என்னை மன்னித்துவிட்டானா, அல்லது வேறு போக்கிடம் இல்லாததால் என்னோடு ஒரே அறையில் கிடக்கிறானா? அதை அவன் வாயால் அறியும்வரை எனக்கு நித்திரை சரியில்லை. கேட்கவும் துணிவில்லை. மீனாவது பிடித்துக் கொடுக்கலாமே என்று நினைத்தேன்.

எங்கள் பகுதியில் மீன் தின்கிறவர்கள் வேறு, பிடிக்கிறவர்கள் வேறு. அப்படிப் பிரித்து வைத்துச் சாதிப் பெருமை பேசிய கூட்டத்தில் பிறந்தவன் நான். அந்தப் பெருமையைத் தூக்கிக் குப்பையில் கொட்ட வேண்டும்! அதனால்தான் இருபத்தாறு வயதில் ஒரு புழுவைக் கொழுவத் தெரியாமல் நின்றேன். ஹொட்டேலில் மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவே மூன்று மணி நேரம் ஓய்வு கிடைக்கும். அதை சிம்மர்ஷ்டுண்ட என்பார்கள், அறையில் போய்ப் படுக்கிற நேரம். மற்றவர்கள் படுத்தார்கள், நான் பழைய சாமான் கடையில் வாங்கிய தூண்டிலோடு படகுத்துறைக்கு ஓடினேன். கரையில் நின்று ஒரு தூண்டில் போடுவதற்குச் சீட்டுத் தேவையில்லை என்று சமையற்காரர் சொல்லியிருந்தார். முதல் நாள் ஊசி என் குளிர்ச்சட்டையில் ஏறியது. இரண்டாம் நாள் மரக்கிளையில் ஏறியது. மூன்றாம் நாள் மிதவை அசைந்தவுடன் பதறி இழுத்தேன். வெறும் ஊசி பறந்து வந்து என் கன்னத்தைக் கிழித்தது. எக்லி என்று இங்கே ஒரு மீன் இருக்கிறது. பச்சை உடம்பில் கறுப்புப் பட்டைகள், சிவந்த செட்டை, முதுகில் முள்வரிசை. அது ஒரே வாயில் விழுங்காது. முதலில் இரண்டு தரம் கொத்திப் பார்க்கும். மிதவை முழுதாகத் தாழும்வரை பொறுத்திருக்க வேண்டும். இதைக் கற்க எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. பிறகு ஒரு மத்தியானம், படகுத்துறைக் கட்டைகளின் நிழலில், அடுத்தடுத்து மூன்று எக்லி! மூன்றாவது என் உள்ளங்கையில் முள்ளை ஏற்றிவிட்டது. இரத்தம் ஒழுக ஒழுகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

பாலன் கேட்டது துடிக்கத் துடிக்க. ஆகவே கடைப் பையொன்றில் கொஞ்சம் ஏரித் தண்ணீர் அள்ளி மூன்றையும் உயிரோடு விட்டேன். எங்கள் ஊர்ச் சந்தையில் துடிக்கிற மீனுக்குத்தானே மதிப்பு. அப்போது நாயோடு வந்த ஒரு பெண் நின்று பையை எட்டிப் பார்த்தாள், ஏதோ கேட்டாள். விலை கேட்கிறாள் போலும் என்று பையை அவள் முகத்துக்கு நேரே தூக்கி, "ஃப்ரிஷ்! ஃப்ரிஷ்!" என்று பெருமையோடு காட்டினேன். மீன்கள் வாயைப் பிளந்து பிளந்து மூடின. அவள் முகம் வெளிறியது. அலறத் தொடங்கினாள். அதில் ஒரு சொல் மட்டுமே எனக்கு விளங்கியது: "பொலிட்சாய்", பொலிஸ்.

ஓடியிருக்கலாம். கால் வரவில்லை. சீருடையைக் கண்டால் என் கால்கள் அப்படித்தான். வந்த பொலிஸ்காரர் மீசை வைத்த, பருத்த மனிதர். "ஆவுஸ்வைஸ்" என்றார். என் அகதி அட்டையை வாங்கிப் பெயரைச் சிறு கொப்பியில் எழுதினார். சரி, துலைஞ்சன், நாளைக்கே விமானத்தில் ஏற்றப் போகிறார்கள் என்று நினைத்தேன். அவரோ கரையில் ஒதுங்கிக் கிடந்த மணிக்கட்டுத் தடிப்பான கட்டையொன்றை எடுத்தார். ஒரு மீனைக் கல்லில் வைத்துக் கண்ணுக்குப் பின்னால் ஓங்கி ஒரு போடு போட்டார். மீன் ஒரு தரம் நடுங்கி அடங்கியது. இங்கே மீனைத் தவிக்க விடக்கூடாதாம். ஒரே அடியில் மயக்கிக் கொன்றுவிட வேண்டுமாம். பிறகு கட்டையை என் கையில் தந்து, "யெட்ஸ்ட் ஸீ" என்றார். இப்போது நீங்கள். மரியாதையாகத்தான் சொன்னார்.

எனக்கு ஏரி மறைந்துவிட்டது. ஊருக்குக் கிட்ட இருந்த இராணுவ முகாமில் நான் நின்றேன். இருவரையும் பிடித்துச் சென்ற மூன்றாம் நாள். பாலனை முழங்காலில் இருத்திவிட்டு ஒரு சிப்பாய் என் கையில் விறகுக் கட்டையைத் தந்தான். அடி, இல்லாவிட்டால் இரண்டு பேரையும் சுடுவேன் என்றான். அடித்தேன். தோளில், மெதுவாக, நோகாமல். "தவ ஹயியென்" என்று கத்தினான். இன்னும் பலமாக அடி என்று அர்த்தம். மறுபடி மெதுவாக அடித்தேன். துப்பாக்கிப் பிடியால் என் முதுகில் இடித்தான். மறுபடி அடித்தேன். நண்பனை நோகடிக்காமல் அடிக்கிறேன் என்று நினைத்து நினைத்து எத்தனை அடி அடித்தேனோ, அவன் முதுகு முழுக்கக் கன்றிச் சதை கிழிந்து தொங்கியது. கடைசியில் எனக்கும் வெறி பிடித்துவிட்டது. அவன்மீதா, சிப்பாய்மீதா, என்மீதா, இன்றும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு முழுப் பலத்தோடும் வீசினேன். அது அவனுடைய இடது காதில் விழுந்தது. அதோடுதான் சிப்பாய் போதுமென்றான். இங்கே வந்தபின் அகதி அதிகாரிகளின் விசாரணையில் எனக்கு விழுந்த அடிகள் அத்தனையும் சொன்னேன். நான் அடித்ததைச் சொல்லவில்லை.

இரண்டாவது எக்லியை மெதுவாகத்தான் அடித்தேன். அது செத்துப்போகாமல் துள்ளியது, கண்ணொன்று பிதுங்கியது. "ஃபெஸ்டர்!" என்று உறுமினார் பொலிஸ்காரர். இன்னும் பலமாக. இந்த நாட்டிலும் அதே சொல்! பாவம், அந்த மீன் ஐந்தாறு அடி வாங்கித்தான் செத்தது. மூன்றாவதைக் கல்லில் வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி ஒரு அடி. அடங்கிவிட்டது. "ஸௌபர்" என்றார் அவர், சுத்தமான வேலையாம். அட்டையைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார். கொப்பியில் எழுதிய பெயரை என்ன செய்தாரோ, அது பற்றிக் கடிதம் எதுவும் வரவில்லை. அவர் போன பிறகு தண்ணீரோரம் குந்தியிருந்து சத்தி எடுத்தேன்.

அறைக்கு வந்து மீனைப் பாலன் முன்னால் வைத்தேன். "துடிக்கேல்லையே" என்றான்.

"இஞ்ச துடிக்க விடக்கூடாதாம். அடிச்சுத்தான் கொல்ல வேணுமாம். பொலிஸ் வந்திட்டுது."

அவன் மீன்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிதைந்த தலையைத் தொட்டான். பிறகு சிதையாத தலையொன்றைத் தொட்டான்.

"இது ஒரே அடியோ?"

"ஓம்."

"அண்டைக்கும் இப்பிடி ஒண்டு போட்டிருக்கலாமெல்லோ" என்றான் பாலன், கத்தியை எடுத்துச் செதில் சுரண்டிக்கொண்டே. "நீ பயந்து பயந்து அடிச்சபடியால்தான்ரா எனக்கு அவ்வளவு அடி."

அவனுடைய இடப்பக்கக் கதிரையில் விழுந்தேன். மூன்று வருடத்தில் முதல் தரம் அந்தப் பக்கம். "மன்னிச்சுக்கொள்ளடா" என்று அந்தக் காதுக்குக் கிட்டப் போய் அழுதேன். அவன் திரும்பவில்லை, செதில் சுரண்டிக்கொண்டே இருந்தான். குழம்பு கொதித்ததும் தலைகள் மூன்றையும் என் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டான். எங்கள் ஊரில் தலையை வீட்டில் மிகப் பிரியமானவருக்குத்தான் கொடுப்பார்கள். நான் சொன்னது அவனுக்குக் கேட்டதா, கேட்கவில்லையா? இன்றுவரை நான் அதை அவனிடம் கேட்டதில்லை. வலது காதால் பாலன் இந்த நாட்டைக் கேட்கிறான்; சமையற்காரரின் அதட்டலை, கோயில் மணியை, மழையை. இடது காது அந்த முகாமிலேயே நின்றுவிட்டது. அவனோடு சாப்பிட உட்காரும் ஒவ்வொரு தடவையும், கோப்பையைக் கையில் ஏந்தியபடி, எந்தப் பக்கம் இருப்பதென்று நான் ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.