புகைமூட்டத்துப் புரட்டாசி

நிரஞ்சனி மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் தாதி. இந்தியாவைப் பார்த்ததில்லை, ஆனால் ராஜஸ்தான் சிற்றோவியங்களைப் போலப் பன்னிரண்டு மாதங்களையும், அந்தந்த மாதத்துப் பூசையோடு வரைவாள். மேரு ஊர்ப் பெருமாள் கோயில் மண்டபத்துக்காக வரைந்தவற்றை எடுத்துப்போனபோது, தோழியான நானும் கூடப் போனேன். எந்நாளும் வெயிலும் மழையுமான ஊரில் புரட்டாசியை எப்படிக் காட்டியிருப்பாள்?

படம் முழுக்கப் புகைமூட்டம், அந்த மாதங்களில் கடல் தாண்டி வரும் காட்டுத்தீப் புகை. அதற்குள் பாதித் தேர்.

கோயில் தலைவர் தனபாலன் முகம் சுளித்தார். “பெருமாள் முகமே தெரியல லா. இத எப்படிம்மா மாட்டறது?”

நிரஞ்சனி அசரவில்லை.

“போன வருசம் யாருக்கு அங்கிள் தெரிஞ்சுச்சு? மாஸ்க் போட்டுக்கிட்டுத்தானே தேர் இழுத்தோம்?”

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். “அப்ப நான் எங்க? முன்வடம் நாந்தானே!”

“இதோ, இருமிக்கிட்டு நிக்கறீங்க.”

தலைவர் சிரித்தார். பிறகு ஆணி கேட்டார்.